சந்து லைட்டுக்கெல்லாம் ஸ்மார்ட் தேவையா? சேலத்துக்காரங்க கொஞ்சம் சொல்லுங்க

அடிவாரத்தான்:

வணக்கம் மக்களே. நாங்க இருக்கறது சேலம், ஏற்காடு போற ரோட்டுப் பக்கம். எங்க ஏரியா நலச்சங்கத்துல இந்த தடவ தெரு லைட்டு விஷயத்த கையில எடுத்திருக்கோம். மெயின் ரோட்டுல பழைய சோடியம் லைட்டு, 250 வாட்ஸ், மஞ்சளா எரியும்ல அதான். உள்ளாற சந்துல பாதிக்கு டியூப் லைட்டு, பாதிக்கு 20 வாட்ஸ் எல்இடி. மொத்தமா நூத்துச்சொச்சம் கம்பம் வரும்.

போன வாரம் ஒரு கம்பெனிக்காரர் வந்து டெமோ காட்டிட்டு போனாரு. ஒவ்வொரு கம்பத்துலயும் லைட்டு தலைக்கு மேல சின்னதா ஒரு டப்பா மாட்டிருவாங்களாம், செல்லுல தட்டுனா மங்குது, தட்டுனா பளிச்சுனு எரியுது, எது பீஸ் போனாலும் நமக்கு மெசேஜ் வந்துரும்ங்கறாரு, கரண்டு 80 சதவீதம் மிச்சம்னு வேற அடிச்சு சொல்றாரு. சங்கத்துல இருக்கற பசங்களுக்கு பயங்கர ஆர்வம். பெருசுங்க என்னடான்னா லைட்ட மங்க வெக்கறதுக்கு எதுக்குடா காசு குடுக்கணும், இருக்கறத எரிய வெச்சா போதும்ங்கறாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் சரின்னு தான் தோணுது. நாங்களும் ஒரு பங்கு பணம் போடற மாதிரி வரும், அதனால கேக்கறேன். இத பத்தி வேல தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா விவரமா சொல்லுங்க, ஸ்மார்ட் லைட்டுல நெசமாவே அவ்வளவு மிச்சமாகுமா?

கொலுசுப்பட்டற:

மொதல்ல எரியுதான்னு பாருங்க ப்ரோ, ஸ்மார்ட்டா எரியுதான்னு அப்பறம் பாக்கலாம் 😀

வாட்ஸ்கணக்கு:

லைட்டிங் டிசைன் தான் என் பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

அந்த 80 சதவீதம்ங்கறத ரெண்டா பிரிச்சு கேளுங்க. எல்இடிக்கு மாத்தறதால வர்ற மிச்சம் எவ்வளவு, அந்த டப்பாவால வர்ற மிச்சம் எவ்வளவு. விக்கறவங்க எப்பவுமே ரெண்டையும் ஒண்ணா சேத்து தான் சொல்லுவாங்க, ஏன்னா தனியா சொன்னா டப்பாவோட பங்கு ரொம்ப கம்மியா தெரியும்.

உங்க மெயின் ரோட்டையே எடுத்துக்குவோம். 250 வாட்ஸ் சோடியம்னா சோக்கு தின்னறதையும் சேத்து 280 கிட்ட இழுக்கும். ராத்திரிக்கு பதினொண்ணரை மணி நேரம்னு வெச்சா வருஷத்துக்கு ஒரு கம்பத்துக்கு சுமார் 1175 யூனிட். அத 120 வாட்ஸ் எல்இடிக்கு மாத்துனா 504 யூனிட். அதாவது வெறும் லைட்ட மாத்துனதுலயே 57 சதவீதம் போயிருச்சு, இதுல ஸ்மார்ட்டுக்கு ஒரு வேலையும் இல்ல. இப்ப ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் பாதிக்கு மங்க வெக்கறீங்கன்னு வெச்சுக்குவோம், அதுல இன்னும் 131 யூனிட் குறையும். பழைய பில்லோட ஒப்பிட்டா 11 சதவீதம். ஆக மொத்தம் 68. எண்பது எங்கிருந்து வந்துச்சுன்னு அவரத்தான் கேக்கணும்.

சந்துக்கு வாங்க. 20 வாட்ஸ் லைட்டு வருஷத்துக்கே 84 யூனிட் தான் எரிக்குது. அத பாதியா மங்க வெச்சா மிச்சம் 22 யூனிட். யூனிட் எட்டு ரூபான்னு வெச்சா 175 ரூபா. டப்பா ஒண்ணு மூவாயிரம்னு வெச்சுக்கிட்டாக்கூட போட்ட காசு திரும்ப பதினேழு வருஷம் ஆகும், அதுக்குள்ள லைட்டே ஒரு தடவயாச்சும் மாத்திருப்பீங்க. அதவிட கூத்து, அந்த டப்பாவும் கரண்டு திங்கும்ல. 24 மணி நேரமும் ஒரு வாட்ஸ் இழுத்தாக்கூட வருஷத்துக்கு கிட்டத்தட்ட 9 யூனிட். மிச்சம் பண்ணுன 22ல 9அ அதுவே தின்னுட்டு போயிரும்.

மெயின் ரோட்டுல இதே கணக்கு வேற மாதிரி. 131 யூனிட்னா ஆயிரம் ரூபாய்க்கு மேல, மூணு வருஷத்துல டப்பா காசு வந்துரும். அதனால வாட்ஸ் ஜாஸ்தி இருக்கற எடத்துல தனித்தனி கன்ட்ரோல், சந்துல அது வேணாம். சந்துல இன்னும் டியூப் லைட்டு இருக்குன்னு சொன்னீங்களே, அது சோக்கோட சேந்து 50 வாட்ஸுக்கு மேல இழுக்கும், அத 20க்கு மாத்துனாலே வருஷத்துக்கு 130 யூனிட் கொறையும். காசு இருந்தா மொதல்ல அதுக்கு போடுங்க.

நாட்டுல பெருசா நடந்ததும் இதே தான். 2014 அக்டோபர்ல ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்த அடிச்சு போட்டுச்சுல, அதுக்கப்பறம் அந்த ஊர்ல 90 ஆயிரத்துக்கு மேல லைட்ட எல்இடிக்கு மாத்துனாங்க. 2015 ஜனவரில தேசிய அளவுல தெருவிளக்கு திட்டம் ஆரம்பிச்சப்ப ஈஈஎஸ்எல்ங்கற மத்திய அரசு சார்ந்த கம்பெனி மொதல்ல காசு போட்டு மாத்திக் குடுக்கும், மிச்சமாகற கரண்டு காசுல இருந்து உள்ளாட்சி வருஷா வருஷம் திருப்பிக் குடுக்கும்ங்கற ஏற்பாடு. அந்த கணக்கு ஓடுனதே எல்இடி மிச்சத்துல தான்.

ரிட்டயர்டு லைன்மேன்:

தம்பி வாட்ஸ்கணக்கு சொன்னது சரியான கணக்கு. நான் கம்பத்துல ஏறி எறங்குன ஆளு, ஒயர் பக்கம் இருக்கறத சொல்றேன்.

நம்ம பக்கம் கம்பத்துல போற எல்டி லைன, அதான் வீட்டுக்கு கரண்டு வர்ற லைன, அண்ணாந்து பாருங்க, மூணு பேஸ், ஒரு நியூட்ரல், கூட அஞ்சாவதா ஒரு ஒயர் போகும். அது தான் தெரு லைட்டு ஒயர். ஒரு சுச்சு போட்டா அந்த ஒயர்ல தொங்கற லைட்டு பூரா எரியும், நிறுத்துனா பூரா நிக்கும். தனித்தனியா டப்பா மாட்டுனா அதுக்கு பகல்லயும் கரண்டு வேணும், இல்லன்னா பகல் பூரா செத்து கெடக்கும், நீங்க செல்லுல பாத்தா எல்லாம் ஆஃப்லைன்னு காட்டும். சரி, பகல்லயும் அந்த ஒயர்ல கரண்டு விடலாம்னா, பகல்ல லைட்டு ஒயர்ல சப்ளை இருக்காதுன்னு பழகிப்போன கைங்க எத்தன இருக்குன்னு எனக்கு தெரியும். பழகுன கை தப்பு பண்ணும் தம்பி. அப்படி மாத்தறதா இருந்தா லைன்ல வேலை பாக்கற அத்தன பேருக்கும் முன்கூட்டியே சொல்லி, கம்பத்துல போர்டு மாட்டி, எர்த்து பண்ணாம கை வெக்கக்கூடாதுன்னு உறுதி பண்ணிட்டு தான் செய்யணும். டெமோ காட்ட வந்தவரு இத சொல்லிருக்க மாட்டாரு.

அதுக்கு பதிலா சுச்சு பொட்டிய ஸ்மார்ட்டா ஆக்குங்க. ஒரு பொட்டில சிம் கார்டு, மீட்டர், கான்டாக்டர்ங்கற தானா போட்டு நிறுத்தற பெரிய சுச்சு, டைமர் எல்லாம் இருக்கும். சிசிஎம்எஸ் பேனல்னு சொல்லுவாங்க. ஒரு பொட்டி முப்பது நாப்பது லைட்ட பாத்துக்கும். அந்த டைமர் நம்ம ஊரு எந்த அட்சரேகைல இருக்குன்னு வெச்சு பொழுது எப்ப சாயும்னு அதுவே கணக்கு போட்டுக்கும். நவம்பர்ல ஆறு மணிக்கு முன்னாடியே பொழுது சாஞ்சிரும், ஜூலைல ஆறேமுக்கால் வரைக்கும் வெளிச்சம் கெடக்கும். ஆளு வந்து சுச்சு போட்டா ரெண்டு மாசத்துலயும் ஒரே நேரந்தான். காலைல நிறுத்த மறந்துட்டா வெயில் சுள்ளுனு அடிக்கும், லைட்டும் எரிஞ்சிட்டே இருக்கும், பாத்திருப்பீங்க. அது மறதி மட்டும் இல்ல, சுச்சு கெட்டுப்போனா லைட்டு எரியணும்னு நேரடியா பேஸ்ல முடிஞ்சு விட்டுருவாங்க, அப்பறம் அத பிரிக்க யாருக்கும் ஞாபகம் வராது.

பேனல் எத்தன ஆம்பியர் போகுதுன்னு பாத்துட்டே இருக்கும். குறைஞ்சா இத்தன லைட்டு எரியலன்னு தெரியும். எந்த கம்பம்னு தெரியாது, அதுக்கு ஆளு ஒரு நடை நடந்து பாக்கணும். நடக்கட்டுமே, சந்து தானே.

தறிக்காரி:

அண்ணா எல்லாரும் யூனிட் கணக்கு போடறீங்க, நான் ஒண்ணு கேக்கறேன். 11 மணிக்கு மேல ஊரு தூங்கிருதுன்னு யாரு சொன்னா? நான் அம்மாப்பேட்டைக்காரி. எங்க பக்கம் தறி ஓடற சத்தம் நடுச்சாமத்துலயும் கேக்கும், ஷிப்ட் முடிஞ்சு பொம்பளைங்க நடந்து வருவாங்க. எங்க சித்தி வ.உ.சி. மார்க்கெட்டுக்கு பூவெடுக்க வெடியால மூணு மணிக்கே கெளம்பிரும். அந்த நேரத்துல தான் ரோட்டுல நாய் மட்டும் இருக்கும், அப்ப தான் நீங்க லைட்ட பாதியாக்குவீங்களா? வெளியூர்ல யாரோ போட்ட டைம் டேபிள நம்மூர்ல அப்படியே ஓட்டுனா எப்படி.

அப்பறம் ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகைல வண்டி வேடிக்கை, ஊரே ராத்திரி ரோட்டுல தான் கெடக்கும். அன்னைக்கும் 11 மணிக்கு மங்குச்சுன்னா என்ன ஆகும்னு யோசிங்க.

இன்னொண்ணு, எங்க பக்கம் முன்னாடி மிச்சம் பண்றோம்னு ஒண்ணு விட்டு ஒரு கம்பம் நிறுத்தி வெச்சாங்க. எரியற கம்பத்துக்கு கீழ பளிச்சுனு இருக்கும், அத தாண்டுனா ஒண்ணுமே தெரியாது, அதுல நடக்கறதுக்கு மொத்தமா நிறுத்திருந்தா கண்ணாச்சும் இருட்டுக்கு பழகிருக்கும்.

வாட்ஸ்கணக்கு:

தறிக்காரி சொன்ன கடைசி பாயின்ட் தான் இந்த திரட்டுலயே முக்கியமானது, அத சங்கத்துல படிச்சு காட்டுங்க. ரோட்டுக்கு எத்தன லக்ஸ், அதாவது தரைல எவ்வளவு வெளிச்சம் விழணும்னு ஐஎஸ் 1944ங்கற இந்திய தர விதில இருக்கு, பெரிய மெயின் ரோட்டுக்கு 30, அதுக்கடுத்த ரோட்டுக்கு 15, உள் ரோட்டுக்கு 8, 4ன்னு எறங்கும். எல்லாரும் அந்த நம்பர மட்டும் பாப்பாங்க. அதுலயே வெளிச்சம் எவ்வளவு சீரா விழணும்னும் இருக்கு. மெயின் ரோட்டுல இருக்கறதுலயே இருட்டான எடத்துல சராசரில 40 சதவீதமாச்சும் விழணும். ஒண்ணு விட்டு ஒண்ணு நிறுத்துனா சராசரி பாதி ஆகும், கம்பத்துக்கு நடுவுல கிட்டத்தட்ட பூஜ்யம் ஆயிரும். எல்லாத்தையும் பாதி மங்க வெச்சா செலவு அதே அளவு தான் குறையும், ஆனா சீரா இருக்கும். வெளிச்சம் பாதியானா கண்ணுக்கு பாதியா தெரியாது, கொஞ்சம் கம்மியான மாதிரி தான் இருக்கும். மங்க வெக்கறதுக்கும் அணைச்சு வெக்கறதுக்கும் உள்ள வித்தியாசமே இது தான்.

நேரம் விஷயத்துல அவங்க சொல்றது நூத்துக்கு நூறு. மெயின் ரோட்டுல சென்ட்ரல் கன்ட்ரோல் வெக்கறதுல உண்மையான லாபமே அங்க தான், ஆடி 18க்கு ஒரு மாதிரி, வண்டி வேடிக்கை அன்னைக்கு ஒரு மாதிரி, சாதா நாள்ல ஒரு மாதிரின்னு மாத்திக்கலாம். மார்க்கெட் போற பாதைக்கு ரெண்டரை மணிக்கே ஃபுல்லா ஏத்தி விடலாம். எந்த ரோட்டுல எப்ப ஆள் நடமாட்டம்னு கம்பெனிக்காரருக்கு தெரியாது, பால்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, தறிப்பட்டறைல கேட்டா தெரியும்.

சந்துல மங்க வெக்க ஆசைப்பட்டா டப்பா இல்லாமயே ஒரு வழி இருக்கு. எல்இடிக்கு கரண்ட சரி பண்ணிக் குடுக்கற சர்க்யூட்டு இருக்குல்ல, டிரைவர்ம்பாங்க, அதுலயே புரோகிராம் பண்ணி வரும், போன சில நாள் எப்ப எரிஞ்சுது எப்ப அணைஞ்சுதுன்னு பாத்து நடுராத்திரி எதுன்னு அதுவே கணிச்சுக்கும். ஆனா கரண்டு கட் ஆச்சுன்னா சில மாடல் கொழம்பிரும், ஒம்போது மணிக்கு கரண்டு போயி பத்துக்கு வந்தா அப்பத்தான் பொழுது சாஞ்சதா நெனச்சுக்கும். அது எப்படி சமாளிக்குதுன்னு கேட்டுட்டு வாங்குங்க.

ஏற்காட்டான்:

மேல இருந்து ஒரு குரல். நீங்க கீழ என்ன லைட்டு போட்டாலும் ஏற்காட்டுல லேடீஸ் சீட் வியூ பாயின்ட்ல இருந்து எங்களுக்கு தெரியும். முன்னெல்லாம் சேலம் ஆரஞ்சு கலர்ல இருக்கும், இப்ப வர வர வெள்ளையா, பாத்தா கண்ணு கூசுது. கீழ ரோட்டுக்கு போட்ட வெளிச்சம் எங்க கண்ணுக்கு வருதுன்னா அந்த வெளிச்சம் வீணா தானே போகுது?

என் அனுபவத்துல தயவுசெஞ்சு பால் வெள்ளை லைட்டு வேணாம்னு சொல்லுவேன். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றோம், நவம்பர் டிசம்பர்ல பனி எறங்குச்சுன்னா வெள்ளை லைட்டு முன்னாடி சுவரு கட்டுன மாதிரி நிக்கும். மஞ்சள்னா பனிய கிழிச்சுட்டு போகும். அதோட காட்டுமாடு பிரச்சனை. எஸ்டேட் ஓரமா ராத்திரி நிக்கும், கருப்பு உடம்பு, எவ்வளவு பெருசு தெரியுமா. ஒரு ரிசார்ட் வாசல்ல பளீர்னு ஒரு ஃப்ளட் லைட்ட ரோட்ட பாத்து வெச்சிருக்காங்க, அத தாண்டி வளைவுல திரும்புனதும் ரெண்டு செகண்டுக்கு ஒண்ணுமே தெரியாது, அந்த ரெண்டு செகண்டுல தான் அது நிக்கும். லைட்டு இல்லாம இருந்தாக்கூட ஹெட்லைட்ல கண்ணு மின்னறத பாத்து பிரேக் அடிச்சிருவோம்.

வாட்ஸ்கணக்கு:

ஏற்காட்டான், காட்டுமாடு விஷயம் கரெக்ட்டு. பனில மஞ்சள் கிழிச்சுட்டு போகும்ங்கறத மட்டும் ஒத்துக்க மாட்டேன். பனில இருக்கற தண்ணித்துளி ஒளியோட அலைநீளத்த விட ரொம்ப பெருசு, அதனால எல்லா கலரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் செதறடிக்கும். வானம் நீலமா தெரியறதுக்கு சொல்ற காரணம் இங்க செல்லாது. நீங்க பாக்கற சுவரு கலரால வர்றது கம்மி, லைட்டு உங்க கண்ணுக்கு நேரா எந்த கோணத்துல அடிக்குதுங்கறதால வர்றது ஜாஸ்தி. பழைய சோடியம் லைட்டு கண்ணாடி கிண்ணத்துக்குள்ள இருக்கும், புது லைட்டு பல பேரு தட்டையா மாட்டாம பத்து பதினஞ்சு டிகிரி மேல தூக்கி மாட்டிருவாங்க, அப்ப வெளிச்சம் நேரா எதுக்க வர்றவன் மூஞ்சில. தட்டையா மாட்டி, கீழ மட்டும் விழற மாதிரி லென்ஸ் போட்டா பாதி பிரச்சனை தீரும். லேடீஸ் சீட் பிரச்சனையும் அதுலயே குறையும், ரோட்டுல பட்டு திரும்பறது மட்டும் தான் மிஞ்சும்.

ஆனாலும் 3000 கெல்வின் தான் என் ஓட்டு, காரணம் வேற. கெல்வின்ங்கறது லைட்டோட கலர் அளவு, நம்பர் குறைஞ்சா மஞ்சள், ஏறுனா நீலம் கலந்த வெள்ளை. நீலம் ஜாஸ்தியான லைட்டுல வயசானவங்களுக்கு கண்ணு அதிகமா கூசும், பூச்சிங்களும் அதுக்குத்தான் ஜாஸ்தி வரும். அமெரிக்க டாக்டருங்க சங்கம் 2016லயே தெரு லைட்டு 3000 இல்லன்னா அதுக்கு கீழ இருக்கட்டும்னு சொல்லிருச்சு. 5700, 6500 போட்டா அதே வாட்ஸுக்கு கொஞ்சூண்டு வெளிச்சம் ஜாஸ்தி வரும், அதான் கம்பெனிக்காரங்க அத தள்ளி விடறாங்க. இப்ப அந்த வித்தியாசம் ரொம்ப கம்மி.

ஏற்காட்டான்:

சரிங்க, துளி பெருசுன்னா ஒத்துக்கறேன். ஆனா ஒரு தடவ பனில பைக் ஓட்டி பாத்துட்டு வந்து சொல்லுங்க 😄

கொலுசுப்பட்டற:

டெமோல கேமராவும் இருக்குன்னு சொன்னாரா? கவனமா இருங்க. அமெரிக்காவுல சான் டியாகோல இப்படித்தான் கரண்டு மிச்சம், ட்ராபிக் எண்ணலாம்னு சொல்லி மூவாயிரத்துக்கு மேல கம்பத்துல சென்சார், கேமரா மாட்டுனாங்க. அப்பறம் பாத்தா போலீஸ் அதுல இருந்து வீடியோ எடுக்கறது ஜனங்களுக்கு தெரிய வந்து பெரிய ரகளை, 2020ல மேயரே நிறுத்த சொன்ன அளவுக்கு போச்சு. லைட்டுக்கு காசு குடுக்கறப்ப லைட்டு மட்டும் வாங்குங்க. கேமரா வேணும்னா அத தனியா பேசி, யாரு பாப்பாங்க, எத்தன நாளைக்கு வெச்சிருப்பாங்கன்னு எழுதி வாங்கிட்டு செய்ங்க.

அடிவாரத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. கேமராவும் இருக்குன்னு தான் சொன்னாரு, ஃப்ரீன்னு சொன்னாரு, அதுலயே உஷாராகிருக்கணும். மெயின் ரோட்டுக்கு தனி கன்ட்ரோல், சந்துக்கு நல்ல எல்இடியும் பொட்டியும் போதும்னு எழுதி குடுக்கலாம்னு இருக்கோம். தறிக்காரி தங்கச்சி சொன்ன மாதிரி எந்த ரோட்டுல எந்த நேரம் ஆள் நடமாட்டம்னு ஞாயித்துக்கெழம பசங்கள விட்டு வெசாரிக்க சொல்லிருக்கேன், அவங்க ஆர்வத்துக்கும் ஒரு வேலை ஆச்சு.

லைன்மேன் ஐயா, ஒண்ணே ஒண்ணு. மழைக்கு முன்னாடி இடி இடிச்சா எங்க பக்கம் எல்இடி சடசடன்னு போயிருது. டியூப் லைட்டு இவ்வளவு போகாதே, ஏன்?

ரிட்டயர்டு லைன்மேன்:

பழைய சோக்குங்கறது இரும்பும் செம்பும், இடிக்கு அசையாது. எல்இடிக்குள்ள இருக்கறது எலக்ட்ரானிக்ஸ், லைன்ல ஒரு தூக்கு தூக்குனா டிரைவர் காலி. மலையடிவாரம், உங்க பக்கம் இடி ஜாஸ்தி தான். வாங்கறப்ப பத்து கேவி (பத்தாயிரம் வோல்ட்) சர்ஜ், அதாவது திடீர்னு ஏறற வோல்டேஜ தாங்குமான்னு கேளுங்க, அந்த சர்ஜ் கட்டை டிரைவருக்கு வெளிய தனியா இருக்கணும், அப்ப தான் அது போனா அத மட்டும் மாத்தலாம். பொட்டில ஒண்ணு இருக்கணும். எர்த்து நல்லா இல்லன்னா இது எதுவும் வேலை செய்யாது, அத மொதல்ல பாருங்க. நூறு லைட்டுக்கு அஞ்சாறு டிரைவர் சும்மா கைல வாங்கி வெச்சுக்கங்க, அதே மாடல் ரெண்டு வருஷம் கழிச்சு கெடைக்காது. எத்தன நாளுக்குள்ள சரி பண்ணணும், பண்ணலன்னா நாளுக்கு எவ்வளவு புடிச்சுக்கலாம்னு ஒப்பந்தத்துல இல்லன்னா கையெழுத்து போடாதீங்க.

அப்பறம் புங்க மரக்கெளை லைட்ட மறைச்சிட்டு நிக்கும் பாருங்க, காசில்லாத வேலை அது தான், மொதல்ல அத கழிக்க சொல்லுங்க. நீங்களா ஏறாதீங்க, லைன் நிறுத்தி தான் வெட்டணும்.

அடிவாரத்தான்:

சரிங்கய்யா. எது எரியலன்னு சொல்றதுக்கு வசதியா எல்லா கம்பத்துலயும் நம்பர் அடிச்சரலாம்னு பசங்க பெயிண்ட் வாங்கிட்டாங்க.

ரிட்டயர்டு லைன்மேன்:

அடிங்க, ஆனா ஏற்கனவே இ.பி.காரங்க எழுதுன நம்பர் ஒண்ணு இருக்கும், அது மேல பெயிண்ட் அடிச்சிராதீங்க. அத பாத்து தான் லைன் நிறுத்துவாங்க. உங்க நம்பர அதுக்கு கீழ வேற கலர்ல எழுதுங்க.